மச்சம் வைத்த படம்

மச்சான்,

கல்லறைத் திருநாள் வருகிறது, ஆயா படத்தைப் புதிதாகப் பிரிண்ட் போடலாம் என்று என் மகள் சுவரிலிருந்து அதை இறக்கினாள். நீ எடுத்துக் கொடுத்த அதே படம்தான். கண்ணாடியைக் கழற்றியதும் இத்தனை வருஷம் உள்ளே அடைந்து கிடந்த பழைய போட்டோத் தாளின் வாசனை வந்தது. சிதம்பரத்தில் உன் ஸ்டூடியோ இருட்டறையில் அடிக்குமே, அந்தப் புளித்த மருந்து வாசனை. நீ செத்துப்போன பிறகு நான் உனக்காக அழுதது அன்றைக்குத்தான் கடைசி. ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவள் போனில் படம் பிடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, இந்தப் போனுக்குக் கண்ணு தெரியல. ஆயாவையும் குமராட்சி சின்ன ஆயாவையும் ஒரே ஆளுன்னு சேத்து வெச்சிருக்குது."

ஒரே முகம் உள்ள படங்களைப் போன் தானாகவே ஒன்றாகச் சேர்த்துவிடுமாம். அம்மாவும் அவள் தங்கை சின்னம்மாவும் ஒரே அச்சு என்பது உனக்கும் தெரியும். நான் என் வழக்கமான பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். உங்கள் போன் கறுப்பைச் சிவப்பாக்கும், ஃபிலிமுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நேற்று வைத்த மீன் குழம்பை ஆறு படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், ஒன்றையாவது திரும்பப் பார்ப்பீர்களா? காத்திருந்து எடுத்த படம் என்றால் அதன் மதிப்பே வேறு. எல்லாம் உன்னிடம் கற்ற வசனங்கள்தான். "மோவாயில மச்சத்தப் பாரு, அதான் ஒங்க ஆயா" என்றேன்.

அவள் இரண்டு விரலால் மச்சத்தைப் பெரிதாக்கினாள். அது தோலில் இல்லை. தூரிகையால் வைத்த பொட்டு. ஓரத்தில் மை லேசாக வழிந்திருந்தது.

எனக்கு உன் கை தெரியாதா? அண்ணாமலை நகரிலிருந்து பட்டமளிப்புக்கு வாடகை அங்கி மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குப் படத்தில் பருவை அழிப்பாய், கேட்டால் மீசையை அடர்த்தியாக்குவாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வியந்தவன் நான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அம்மாவின் மச்சம் வெளிறியிருக்கும், எடுப்பாகத் தெரியட்டும் என்று தொட்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குவைத்துக்குப் போக நான் பஸ் ஏறியபோது உன்னிடம் கேட்டது ஒன்றுதான். அம்மாவுக்கென்று ஒரு படம்கூட இல்லை, ஒன்று எடுத்து வை. "போறேன் மச்சான், இந்த ஞாயித்துக்கெழமையே கடலூருக்குப் போறேன்" என்றாய். போனதும் நான் அம்மாவுக்குப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை அனுப்பினேன். அதற்குப் பிறகு அம்மா செத்துப்போன சேதிதான் வந்தது. லீவு கிடைக்கவில்லை, அடக்கத்துக்கு நான் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்தபோது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நீ சட்டம் போட்ட படத்தோடு நின்றாய். நான் அனுப்பிய புடவை, அந்த மச்சம், லேசான ஒரு சிரிப்பு. கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்று மட்டும் தோன்றியது. பஸ்ஸில் கடலூர் வரும்வரை நீ அதை எடுத்த கதையைச் சொன்னாய்.

"சிரிக்கவே மாட்டேன்னாங்க மச்சான். ஒம் பேரச் சொன்னேன். ஒடனே சிரிச்சிட்டாங்க."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பாலைவனத்தில் எத்தனை வருஷம் லாரி ஓட்டினேன் தெரியுமா?

படத்தை எடுத்துக்கொண்டு குமராட்சிக்கு மினிபஸ் ஏறினேன். சின்னம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அவன் வரவே இல்லடா" என்றாள். "ஒரு படத்துக்கு ஒரு ஃபிலிம் ரோலக் கழுவ முடியாது, ரோலு முடியுற நேரத்துல வரேன்னு சொல்லி அனுப்பிக்கினே இருந்தான். அக்கா ஞாயித்துக்கெழம பூசைக்குப் போய்ட்டு வந்து, நீ அனுப்புன பொடவய அவுக்காமலே உக்காந்து இருப்பா. மேல சிந்திடும்னு கஞ்சிகூடக் குடிக்க மாட்டா. பொழுது சாஞ்சாத்தான் எழுந்து மாத்துவா."

"அப்புறம்?"

"அப்புறம் போய்ட்டா. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவன் எங்கிட்ட அழுதான். குவைத்துல இருந்து வந்தா அவன் மூஞ்சில எப்பிடி முழிப்பேன் சின்னம்மான்னான். அந்தப் பொடவயக் கட்டிக்கினு உக்காந்தேன். சிரி சிரின்னான். எனக்கு எங்க சிரிப்பு வருது? வாய மட்டும் இழுத்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அந்தப் படத்தக் கட்டிக்கினு அழுத. எப்பிடிச் சொல்றது" என்றாள்.

உன் அடக்கத்தன்று கல்லறையில் நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன், என் அம்மாவைச் சிரிக்க வைத்தவன் இவன் என்று. சின்னம்மா குடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். துக்கம் என்று நினைத்தேன்.

எனக்கு உன் மேல் கோபம் மச்சான். நீ போகாததைக்கூட விட்டுவிடுவேன், ஃபிலிம் விலை எனக்கும் தெரியும். சின்னம்மாவை உட்கார வைத்ததையும் என் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொள்ள முடியும். அந்தக் கதையை ஏன் சொன்னாய்? படத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. என் பெயரைக் கேட்டு அவள் சிரித்தாள் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் வீட்டில் உட்கார்ந்து, என் பிள்ளைகளிடமும் சொன்னாயே. காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று நீ சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டினேன். யார் காத்திருந்தது என்று நம் இருவரில் உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இப்போது கண்ணை மூடி அம்மாவின் முகத்தைத் தேடுகிறேன். சின்னம்மாதான் வருகிறாள், நீ வைத்த மச்சத்தோடு. அவளுடைய சொந்த முகத்தை எடுக்கப் பார்த்தால் கைக்கு எட்டவில்லை. அத்தனை வருஷம் உன் படத்தையே பார்த்து, அந்த முகத்தை நானே அழித்துவிட்டேன் போலிருக்கிறது.

மகள் கேட்டாள், "இந்தப் படத்தையே பிரிண்ட் போடட்டுமாப்பா?" வேண்டாம் என்றேன். கல்லறையில் மெழுகுவத்தி மட்டும் போதும்.

உன்னால் எனக்கு மிச்சம் இருப்பது நீ எடுக்காத படம்தான். பூசை முடிந்து வந்து, கஞ்சி குடிக்காமல், புதுப் புடவையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் முதுகுப் பக்கம் நிற்கிறேன். முகம் தெரியவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நீ வருவாய் என்று.