கேட்டுப் பூசும் திருநீறு

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு,

சிங்கப்பூர் செம்பவாங்கிலிருந்து அப்பா எழுதுகிறேன். நான் சுகம், முட்டிவலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் முழுச் சுகம். மெல்பர்னில் குளிர் எப்படி இருக்கிறது? காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? சின்ன வயதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் முதலில் ஏறும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நம் பேச்சு எங்கே போய் முடிகிறது என்று உனக்கே தெரியும். நீ அழத் தொடங்குவாய், நான் குரலை உயர்த்துவேன், கடைசியில் சாப்பிட்டாச்சா என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். காகிதத்தில் நீ என்னைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது அல்லவா? அதனால்தான் தேக்காவில் வாங்கிய சுடிதாரோடு இதையும் பார்சலில் வைத்திருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

விஷயம் இதுதான். நான் தாதிமைப் படிப்புக்கு, அதுதான் நர்ஸிங், விண்ணப்பித்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும்தான். எம்ஆர்டி ரயிலில் அந்த விளம்பரத்தைப் பார்த்து உனக்குப் படம் எடுத்து அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? என்னைப் போல வேலை மாறிப் படிக்க வருகிறவர்களுக்கு அரசாங்கமே கட்டணத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் என்று போட்டிருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது போதும், இனிமேல் உங்களுக்காக இருங்கள் என்று நீ பதில் போட்டாய். அதில் அன்பு இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் எனக்காக இருப்பது எப்படி என்று யோசித்தால், காண்டோ அடுக்குமாடி வாசலில் பாதுகாவலராக உட்கார்ந்து, வருகிற கார்களுக்குத் தடுப்பைத் தூக்கிவிடுவதுதான் மிஞ்சுகிறது. அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. அம்மாவுக்காகக் கப்பல் பட்டறையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவனை, அவள் போன பிறகு கூப்பிட்டு வேலை கொடுத்தது அவர்கள்தான். ஆனால் நான் இல்லாவிட்டாலும் அந்தத் தடுப்பு தானாக மேலே போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ரஞ்சன் மாமாவோடு தேக்காவுக்குப் போனேன். நான் தலை வாரிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “என்னா லா தனா, பொண்ணு பாக்கவா போறே?” என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கேலியை விட்டுவிட்டார். பிறகு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து, உன் அம்மா பெயரைச் சொல்லி, கமலா இருந்தால் உன்னைக் கசங்கின சட்டையோடு நேர்காணலுக்கு அனுப்பியிருப்பாளா என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. என் வெள்ளைச் சட்டையை வாங்கிப்போய் அவரே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் மட்டும் ஒரு மடிப்பு கோணல். பரவாயில்லை.

நேர்காணல் நாள் காலையில் தோ பாயோ கோயிலுக்குப் போய்விட்டு, கொடுத்த திருநீற்றைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஒரு சீன ஆசிரியரும், ஃபஸீலா என்று நம் தமிழ்ப் பெண் ஒருவரும் இருந்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் என் பட்டறை இங்கிலீஷில் பதில் சொன்னேன். சுமாராகத்தான் சொன்னேன். பிறகு பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு கட்டில். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. இந்த நோயாளிக்கு ஒரு பக்கம் விளங்காது, வசதியாகப் படுக்கவையுங்கள் பார்ப்போம் என்றார்கள்.

கண்ணு, அந்தக் கட்டிலருகே போனதும் நேர்காணல் என்பதே மறந்துவிட்டது. விளங்காத கைக்குக் கீழே தலையணை வைத்தேன். மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். முதுகில் துணி சுருண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், குதிகாலைப் பார்த்தேன். இதெல்லாம் செய்கிறபோது பொம்மையிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், அதுகூட எனக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்துவிட்டு நகர்ந்து நின்றால், பொம்மையின் நெற்றியில் திருநீறு! சட்டைப் பைக்குள் கை எப்போது போனது என்று சத்தியமாகத் தெரியாது.

சீன ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான், சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். ஃபஸீலா மேடம் தமிழில், “சார், இந்தக் கட்டில்ல நான் படுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும், கேட்காமல் செய்தது தப்புதான் என்றேன். இது யாருக்குச் செய்து பழகிய கை என்று அடுத்துக் கேட்டார். உன் அம்மாவைச் சொன்னேன். துணி மாற்றி, மருந்து கொடுத்து, கடைசியாகத் திருநீறு பூசினால்தான் அவள் கண்ணை மூடுவாள் என்று சொல்ல வந்தேன். பாதி சொல்வதற்குள் அழுதுவிட்டேன். மேடம் ஒரு டிஷ்யூவை நீட்டினார். பொம்மையின் நெற்றியைத் துடைக்கவா, என் கண்ணைத் துடைக்கவா என்று தெரியாமல் இரண்டையும் துடைத்தேன்.

வெளியே வரும்போது மேடம் சொன்னார்: “இங்க படுத்திருக்கிறவங்க யாரும் உங்க வைஃப் இல்ல சார். அது மட்டும் ஞாபகம் இருந்தா நல்லா வருவீங்க.” எனக்குச் சுருக்கென்று இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் நீ பயப்படுவதும் இதற்குத்தான் என்று புரிந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் அப்பா அம்மாவைத் தேடுவார் என்று நினைக்கிறாய். முதலில் தேடுவேன்தான் மா, பொய் சொல்லமாட்டேன். போகப்போக, படுத்திருக்கிறவர் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வேன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் வகுப்பு. சரி என்று பதிலும் அனுப்பிவிட்டேன். அதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை, நீ கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

அனுமதி கேட்பது வேறொன்றுக்கு. அம்மாவுக்காக வாங்கிய ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னும் அதே அறையில் அதே இடத்தில் இருக்கிறது. எதையும் நகர்த்தாதீங்கப்பா என்று காரியம் முடிந்த அன்று நீ சொன்னாய். நான் நகர்த்தவில்லை. விரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக மாற்றுகிறேன் என்று கேட்காதே. அந்த ஜன்னல் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக வரும், படிக்க மேசை போடலாம். பொங்கோலில் ரஞ்சன் மாமாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், அந்த வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். இப்படி ஒரு கட்டில் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். நீ சொல்லாமல் கொடுக்கமாட்டேன். சமையலறை மேசையிலேயே படித்துக்கொள்வேன்.

அம்மா போனதிலிருந்து நீ இந்த வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, எனக்குத் தெரியும். டிசம்பரில் லீவு போட்டு வா. அந்தக் கட்டிலை என்னால் தனியாக நகர்த்த முடியும். நகர்த்த மனம் வரவில்லை. தலைமாட்டை நான் பிடித்துக்கொள்கிறேன், கால்மாட்டை நீ பிடி.

இந்தக் காகிதத்தின் மூலையில் திருநீறு தடவி அனுப்பலாம் என்று பையில் கையை விட்டேன், பிறகு வைத்துவிட்டேன். காரியம் முடிந்து நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நான் பூச வந்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அன்றும் நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், தாயே. நீ வந்தால் பூசட்டுமா?

எங்கிருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா
தனசேகரன்