குருவிக்கு எண்ணத் தெரியாது

டயகம
17.2.63

அன்புள்ள மகன் ஞானவேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. என் உடம்புக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை, சென்னையில் நீயும் நோய்நொடி இல்லாமல் வேலைக்குப் போய்வர முருகன் கூடவே இருக்கட்டும். உன் மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றிலும் நீ கேட்டது ஒன்றுதான், அம்மாவின் முகம் தெரிகிற படம் ஒன்று அனுப்புங்கள், இங்கே ஸ்டூடியோவில் பெரிதாக்கி வருஷத் திதிக்குக் கொண்டுவருகிறேன் என்று. முதல் கடிதத்துக்கு நான் மழையைப் பற்றி எழுதினேன். இரண்டாவதுக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற புது ரோலர் பூட்டியதைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி.

தை மாதப் பனியில் மேல்மலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது, ஆட்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஸ்டோர் இஞ்சின் மட்டும் நிற்காமல் ஓடுகிறது, நானும் அதோடு ஓடுகிறேன். உன் பெரியம்மா நாகலெட்சுமி லயத்து வீட்டிலிருந்து தினமும் ரொட்டி கொடுத்தனுப்புகிறாள். கூடவே ஏதாவது சொல்லியும் அனுப்புகிறாள். என் நாற்பத்தொரு வயசு ஒரு வயசா, வட்டவளையில் ஒரு பெண் இருக்கிறது என்று போன வாரம் சொல்லி அனுப்பினாள். ரொட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முதலில் நீ எழுதியிருந்த கேமரா விஷயம். உன்னோடு வேலை செய்கிற சிவசாமி, குருவிப் படம் எடுக்க ரெட்டை லென்ஸ் பெட்டிதான் நல்லது, நெகட்டிவ் பெரியது என்கிறார், நீயோ முப்பத்தைந்து மில்லிமீட்டர் கேமராவும் நீள லென்ஸும் வாங்கலாம் என்று பார்க்கிறாய். சிவசாமி சொல்வதில் பாதி சரி. பெரிய நெகட்டிவில் இறகு ஒவ்வொன்றாகத் தெரியும். ஆனால் ரெட்டை லென்ஸில் நீ பார்ப்பது மேல் கண்ணால், படம் பிடிப்பது கீழ்க் கண். தூரத்து மலைக்கு அது பரவாயில்லை, ஆறடியில் கூட்டிலிருக்கும் குருவிக்குத் தலை வெட்டுப்படும். நீள லென்ஸில் கை நடுக்கமும் நீளமாகத்தான் விழும், அதனால் முக்காலி இல்லாமல் தொடாதே. இரண்டையும் பார்த்தால் நான் சிறியதைத்தான் வாங்கச் சொல்வேன். அதில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். என்னுடைய மடிப்புக் கேமராவில் எட்டு. கையில் முப்பத்தாறு வைத்திருப்பவன் யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டான்.

இதே சண்டை எனக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் இக்னேசியஸுக்கும் ஏழு வருஷம் நடந்தது. அவரிடம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த நீள லென்ஸ் இருக்கிறது. "ஏன்ணே காட்டுக்குள்ள போயி அட்ட கடி வாங்குறீங்க, இந்த லென்ஸ என் கேமராவோட கொண்டு போங்க, குருவி தானா பக்கத்துல வரும்" என்று எத்தனையோ தரம் நீட்டினார். இரவல் கண்ணாடியில் பார்த்த குருவி என் குருவி இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். கொழும்பில் இஞ்சின் வேலை படித்த கர்வம். எனக்குப் பக்கத்தில் போகவேண்டும். அதற்காக ஓடை ஓரத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையும் சாக்கும் வைத்து ஒரு மறைப்புக் கட்டினேன், நீ பார்த்திருக்கிறாய்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. ஆள் மறைப்புக்குள் போவதைக் கண்டால் குருவி மணிக்கணக்கில் கூட்டுக்கு வராது. ஆனால் குருவிக்கு எண்ணத் தெரியாது. இரண்டு பேர் உள்ளே போய் ஒருவர் வெளியே வந்து நடந்து போனால், ஆள் போய்விட்டது என்று நம்பிக் கூட்டுக்கு வந்துவிடும். அந்த வெளியே போகிற ஆள் உன் அம்மா. ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாள் என்னோடு ஓடை வரைக்கும் ஏறி வருவாள், உள்ளே குனிந்து உட்காருவாள், உடனே எழுந்து போவாள். "குருவிய ஏமாத்த என்னைய கூட்டிட்டு வாறீங்க, அது ஒரு நாளைக்கு கணக்கு படிச்சிட்டு வந்து ஒங்கள ஏமாத்தப் போகுது" என்று சிரிப்பாள். சிரித்தால் குருவி பறந்துவிடும் என்று அதட்டுவேன். நேராக நட, நிற்காதே, திரும்பிப் பார்க்காதே, திரும்பினால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும் என்றும் சொல்லிவைத்திருந்தேன். என் பெட்டியில் இருக்கும் நூற்றுச் சொச்சம் குருவிப் படமும் அவள் அப்படி எழுந்து போனதால் எடுத்த படம்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி, புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, என்னைய ஒன்னு புடிங்களேன், தம்பிக்கு அனுப்பலாம்" என்றாள். சுருளில் இரண்டு படம் மிச்சம் இருந்தது. பனிக்காலத்துக்கு மட்டும் வருகிற, கழுத்துச் சிவந்த குருவி ஒன்று வேலியில் வந்து உட்கார ஆரம்பித்திருந்த நேரம், கடையில் சுருளும் கிடைப்பதில்லை. வெளிச்சம் போய்விட்டது, பிறகு பார்க்கலாம் என்றேன். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. "குருவிக்கு இருக்கிற யோகம் நமக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். மறுநாள் அந்த இரண்டையும் குருவிக்கு எடுத்தேன். இரண்டும் அசைந்துவிட்டது.

பங்குனியில் ஓடைக்கரையில் நீலக்குருவி குஞ்சு பொரித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளுக்குக் காய்ச்சல். "இன்னிக்கு வேணாமேங்க, நெஞ்செல்லாம் வலிக்குது" என்றாள். நீ வந்து திரும்பிப் போனால் போதும், கால் மணி நேர வேலை என்றேன். வந்தாள். அவள் இறங்கிப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. எனக்கு மழை விட்டு வெளிச்சம் வரும் என்று நம்பிக்கை, மூன்று மணி நேரம் சாக்குக்குள்ளேயே இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் ஈரச் சேலையோடு அடுப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். பதினோராம் நாள் போய்விட்டாள். தந்தி கிடைத்து, நீ கப்பல் ஏறி தலைமன்னார் வந்து ரயில் பிடித்து மேலே வரும்போது மண் போட்டு மூன்று நாள். முகத்தைக் கூடப் பார்க்க விடவில்லையே என்று நீ என்னைக் கேட்டாய். சளி ஒரு வாரமாகவே நெஞ்சில் இருந்தது, அந்த மழையால் வந்தது இல்லை என்று இக்னேசியஸ் சொல்கிறார். அவர் மருந்து தெரிந்தவர். எனக்கு அந்த மழை தெரியும்.

இப்போது பதில். தம்பி, அம்மாவின் முகம் எந்தப் படத்திலும் இல்லை. கல்யாணத்துக்கு நாங்கள் படம் எடுக்கவில்லை. பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நெகட்டிவையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மூலையிலாவது இருப்பாளா என்று. எல்லாம் குருவி. பெரியம்மாவிடம் சொன்னதற்கு, "குருவிக்கு நூறு படம், எந்தங்கச்சிக்கு ஒன்னுகூட இல்லையா, நல்லா இருக்கு தம்பி ஒங்க படிப்பு" என்றாள். பிறகு அவளே அழுது முடித்து, அட்டனில் படம் வரைகிற ஆள் இருக்கிறான், "என் மூஞ்சிய பாத்து வரையச் சொல்லுங்க, மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிட்டா அப்படியே எந்தங்கச்சி வடிவுதான்" என்றாள். வேண்டாம் என்றேன். அந்தப் படத்துக்கு நீ விழுந்து கும்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

இதைக் கேள்விப்பட்டு இக்னேசியஸ் பத்து நாளைக்கு முன்னால் வந்தார். மேல்மலையிலிருந்து தன் நீள லென்ஸைச் சோதித்துப் பார்த்த ஒரு நாள் எடுத்த படம் என்று ஒன்று கொடுத்தார். தேயிலைக்கு நடுவே கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா இறங்கிப் போகிறாள், முதுகு மட்டும் தெரிகிறது. "வடிவக்கா ஒரு தடவையாவது திரும்புவாங்கன்னு கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தேன்ணே, திரும்பவே இல்ல" என்றார். எப்படித் திரும்புவாள், திரும்பாதே என்று சொன்னவன் நான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். முதுகு காட்டுகிற படத்துக்கு எப்படி மாலை போடுவது என்று பெரியம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நீ வந்து சொல்கிறபடி செய்யலாம். இதை வாசித்த பிறகு வரமாட்டேன் என்றாலும் ஏன் என்று கேட்கமாட்டேன், பெரியம்மாவுக்காவது ஒரு வரி எழுதிப் போடு. எனக்கென்று லென்ஸ் எதுவும் வாங்கி வராதே. என் கேமராவை இக்னேசியஸிடமே கொடுத்துவிட்டேன்.

திதி பங்குனி கடைசி வாரம். கப்பலுக்கு முன்கூட்டியே சீட்டுச் சொல்லு, இங்கே ராத்திரிக் குளிர் இன்னும் விடவில்லை, கம்பளிச் சட்டை கொண்டு வா. வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீ நல்லாயிருக்க வேண்டும், உனக்கு வருகிறவளும் நல்லாயிருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் கேட்டிருப்பாள். கடிதத்தோடு இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று அம்மா போகிற படம். மற்றது என் முகம், நாளைக்கு என் படத்துக்கும் நீ அலையவேண்டாம் என்று இக்னேசியஸை எடுக்கச் சொன்னேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அதைக் கிழித்துப் போட்டுவிடு, எனக்கு வருத்தம் இல்லை. அம்மா படத்தை மட்டும் பத்திரமாக வை. நெகட்டிவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, இன்னொன்று போட முடியாது.

இப்படிக்கு
உன் அப்பா
மு. முத்துலிங்கம்