நடு வரிசையில் எட்டு விரல்

அன்பு மகள் காலினாவுக்கு,

நீ, மாப்பிள்ளை ப்ளாமென், குழந்தை லோரா மூவரும் அந்த டோர்ட்முண்ட் மழையில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தேவமாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் எப்படி இருக்கிறேன் என்றால், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், முதுகு நேராக இருக்கிறது, மனம் மட்டும் கசந்து கிடக்கிறது. நாலு நாளாக நீ போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன், நீ உடனே "விடும்மா, அதான் இங்க வந்துடேன்" என்பாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் பரணிலிருந்து என் பழைய டைப்ரைட்டரை இறக்கித் துடைத்து அதில் அடிக்கிறேன். இதில் எந்த எழுத்தை அடித்தோமோ அந்த எழுத்துதான் விழும், அந்த நம்பிக்கையாவது உண்டு.

கோர்ட்டு எழுத்தர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். குடைமிளகாய் சுடுகிற பருவம், கட்டிடம் முழுக்கப் புகை, ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு பொம்பளை நின்று போகிறவர் வருகிறவரை விசாரிக்கிறாள். மேல் மாடி கின்கா அங்கிருந்தே, "என்ன ருமியானா, கோர்ட்டுக்குப் போறியா, இல்ல ஜெர்மனிக்கு ஆயா வேலைக்குப் போறியா?" என்று ஊர் கேட்கக் கத்துகிறாள். யார் சொன்னது அவளுக்கு? ஈஸ்டரன்று சிவப்பு முட்டைகளை மோதி உடைத்த கையோடு நீயும் நானும் போட்ட பந்தயம் நாலு சுவருக்குள் போட்டது. வேலை கிடைத்தால் நான் இங்கேயே என் வீட்டில், கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு லோராவைப் பார்த்துக்கொள்ள உன்னிடம். அன்று என் முட்டைதான் முதலில் உடைந்தது, உடைந்தவளுக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள், அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நடந்ததைக் கேள். ஒரு தீர்ப்பின் நகலைக் கொடுத்து ஐந்து நிமிடம் பார்த்து அடிக்கச் சொன்னார்கள், பத்துப் பேர், பத்துக் கணினி. தொடங்குவதற்கு முன்னால் குமாஸ்தா, "ரெண்டு நிமிஷம் இருக்கு, வேணுங்கறபடி மாத்தி வச்சுக்கங்க, அடிச்சுப் பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் படபடவென்று அடித்துப் பார்த்தார்கள். நான் அடிக்கவில்லை. மணி அடிக்கும் முன் விசையை அழுத்துகிறவளை எங்கள் டைப்பிங் பள்ளியில் வெளியே அனுப்பிவிடுவார்கள், அந்தப் பயம் நாற்பது வருடமாக விரலில் இருக்கிறது. நான் அந்த இரண்டு நிமிடத்தில் நாற்காலியைச் சரிசெய்தேன். காலடியில் வைக்க இரண்டு தடிக் கோப்புகள் கேட்டு வாங்கினேன், பாதம் தட்டையாகப் பதிந்தது, முழங்கை இடுப்போடு ஒட்டியது, மணிக்கட்டு மேஜையில் படவில்லை, எட்டு விரல் நடு வரிசையில், கட்டைவிரல் இரண்டும் இடைவெளிப் பட்டையின் மேல். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "என்ன அத்தே, பிளேன் ஓட்டப் போறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

காலினா, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் இருந்த மாதிரி நான் சந்தோஷமாக இருந்து பல வருடம் ஆகிறது. கண்ணைத் தாளைவிட்டு எடுக்கவில்லை. கீபோர்டையும் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை, பார்ப்பவள் டைப்பிஸ்ட் இல்லை என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். உன் அப்பா போனது, நான் டைப் அடித்த தகர டப்பா ஆலை மூடியது, அப்புறம் வேலைக்கு வைத்துக்கொண்ட நோட்டரி ஐயா கடையைக் கட்டியது எதுவும் நினைவில் இல்லை, விரல் ஓடியது, நான் கூடவே போனேன். மணி அடித்தது, தலையைத் தூக்கினேன். திரை நிறையக் கிறுக்கல். ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. தலைமை நீதிபதி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இது எந்த நாட்டு பாஷைங்க?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அதை மறக்க முடியவில்லை.

உங்கள் வயதுக்காரர்களுக்கு ஆங்கிலக் கீபோர்டில் எந்த ஒலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் நம் எழுத்து. எங்களுக்கு டைப்ரைட்டர் வரிசை. விசை ஒன்றுதான், உங்களுக்கு ஒரு எழுத்து, எங்களுக்கு வேறொன்று. அந்தக் கணினி உங்கள் வரிசையில் இருந்திருக்கிறது. திரை மூலையில் ஒரு சின்ன அடையாளம் உண்டாம், அதை அழுத்தினால் மாறிவிடுமாம், குமாஸ்தா சொன்ன "மாத்தி வச்சுக்கங்க" அதுதானாம். நான் நாற்காலியைச் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்? ஈஸ்டருக்கு வந்தபோது நீ வீட்டுக் கணினியில் என்னவோ செய்துவிட்டு, "உன் வரிசையிலேயே நெலையா வச்சிட்டேம்மா, இனிமே எதையும் தொடாத" என்றாய். தொடவில்லை. ஐந்து மாதம் தினமும் பயிற்சி செய்தேன், அந்த மூலைப் பக்கம் கையே போகவில்லை.

உன்மேல் குற்றமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், பொய் அடிக்க விரல் வரவில்லை. கால் பங்கு உன்னுடையது, முக்கால் என்னுடையது. நீ எப்போதும் இப்படித்தான், மாத்திரை டப்பா, டிவி, போன் எல்லாவற்றையும் நான் தொட வேண்டாத மாதிரி ஆக்கிவைத்துவிட்டுப் போவாய், பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், எனக்கான அறைக்கு ஆகஸ்டிலேயே திரைச்சீலை வாங்கித் தைத்து மாட்டியாகிவிட்டதாம். பரீட்சை செப்டம்பரில், திரைச்சீலை ஆகஸ்டில். அம்மா தோற்பாள் என்று உனக்கு அவ்வளவு நிச்சயமா? கோர்ட்டில் பட்ட அவமானம் ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம், இதுதான் அதிகம் வலிக்கிறது.

வேலை அந்தப் பிளேன் கேட்ட பெண்ணுக்குத்தான் போனது. இரண்டே விரல், கோழி கொத்துவதுபோலக் கொத்தினாள், கண் திரைக்கும் தாளுக்குமாக அலைந்தது, பதினோரு பிழை. நான் எழுந்து நின்று, வரிசையை மாற்றிப் படித்துப் பாருங்கள், என் வேலை தெரியும் என்றேன். நீதிபதி அம்மாள் கோபப்படக்கூட இல்லை, "தாள்ல என்ன இருக்கோ அதத்தான் நாங்க படிப்போம், கோர்ட்டுல எல்லாத்துக்கும் அப்படித்தாங்க" என்றார். குமாஸ்தா மட்டும் இரக்கப்பட்டு என் பக்கத்தையும் தீர்ப்பு நகலையும் அச்செடுத்து மடித்துக் கொடுத்தார், வீட்டுக்கு எடுத்துப்போய் எரித்துவிடுவேன் என்று நினைத்திருப்பார் பாவம்.

எரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் இரண்டு வரிசைகளையும் அட்டையில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கிறுக்கலை எழுத்து எழுத்தாகப் பென்சிலால் மாற்றினேன். என்ன கண்டேன் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று தள்ளிவிடுவாய், எனக்கு அந்த சரிம்மா வேண்டாம். பக்கத்தையும் நகலையும் அட்டையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே மாற்றிப் பார். பந்தயத்தில் தோற்றவள் பேரம் பேசக்கூடாதுதான், ஆனாலும் பேசுகிறேன்: அதில் ஒரே ஒரு பிழை கிடைத்தாலும் எனக்கு டிக்கெட் எடு, பேசாமல் வந்து லோராவை வளர்க்கிறேன், திரைச்சீலை நிறத்தைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டேன். கிடைக்கவில்லை என்றால் நவம்பரில் பக்கத்து ஊர்க் கோர்ட்டில் ஒரு இடம் காலியாகிறது, அந்தப் பரீட்சை முடியும்வரை என்னை வா என்று சொல்லாதே.

லோராவைத் தூக்கிக் கொஞ்ச ஆசைதான், அது வேறு விஷயம், இதோடு கலக்காதே. மணிக்கட்டு வலிக்குப் பட்டை கட்டியிருப்பதாகச் சொன்னாயே, பட்டை என்ன செய்யும், நீ கட்டிலில் படுத்துக்கொண்டு கணினியை மடியில் வைத்து அடிப்பதை விடு. பதினாறு வயதில் கற்றுக்கொள் என்றேன், "யாரும்மா இப்பல்லாம் பத்து விரல்ல அடிக்கறா" என்றாய். போகட்டும். தோள் தளர்ந்து, பாதம் தரையில் பதிந்து இருக்கட்டும். உன் கையும் கண்ணும் கெடாமல், உன் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல், நீங்கள் மூவரும் நூறு வயது இருங்கள். குழந்தைக்கு இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் அம்மா,
ருமியானா

பி.கு.: அந்த மூலை அடையாளத்தை எப்படி மாற்றுவது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அடுத்த முறை வரும்போது நீ மாற்றிவைத்துவிட்டுப் போகாதே. எழுதி மட்டும் அனுப்பு.