பஹ்மிதாவின் அழுகைச் சத்தம்

மருதமுனை
08.01.2024

அன்புள்ள மச்சான் ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் பஹ்மிதாவுக்கு நேற்றும் அது வந்தது. பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் கேட்டு ஓடினால், உதடு நீலம். உடம்பு விறைத்துக் கிடக்கிறாள். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டாள்.

கல்முனை டொக்டர், "வலிப்பு மாதிரித்தான் இரிக்கி. எப்பிடித் தொடங்குதெண்டு பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம். வீடியோ எடுக்க ஏலுமா?" என்று கேட்டார். போனை நாள் முழுக்க ஓடவிட முடியாது. நீங்கள் கலியாண வீடுகளில் வீடியோ எடுத்த கெமரா அலுமாரியில் இருக்கிறது. எடுக்கலாமா?

"தையல் மெசினே கதியெண்டு கிடந்தா புள்ளய ஆரு பாக்குற?" என்கிறார் மாமி. நீங்களும் அதையே சொன்னீர்கள், மச்சான்.

உங்கள்
பஸ்மிலா

தோஹா
21.01.2024

அன்பு பஸ்மிலா,

வஅலைக்கும் ஸலாம். கெமராவை எடு. ஸ்டாண்டில் நிறுத்தி, சார்ஜ் வயரைக் கழற்றாமல் ஓடவிடு. அறை இருட்டு, கெமராவின் முன் லைட்டைப் போடு. மற்றதெல்லாம் ஓட்டோ செட்டிங்கில் தானாக ஓடட்டும், உனக்கு விளங்காது. சத்தத்தைப் பற்றி யோசிக்காதே. முகம் தெரிந்தால் போதும்.

ஜெமீல்

மருதமுனை
19.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் சொன்னபடி செய்து மூன்று நாள் வீண். லைட்டைக் கண்டதும் பஹ்மிதா விளையாட்டை விட்டுக் கெமராவைப் பிடிக்க வருகிறாள். அணைத்துவிட்டு, குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் முறைக்கு மாற்றினேன். ஜன்னல் திரை ஆடும்போதெல்லாம் ஃபோகஸ் அதன் பின்னால் ஓடியது. பாய் இருக்கும் தூரத்துக்குக் கையால் நிறுத்தினேன். சத்தமும் ஓட்டோ செட்டிங்கில் இருந்ததால், அறை அமைதியானதும் ஃபேன் இரைச்சல் மேலெழுந்து எல்லாவற்றையும் மூடியது. மைக்கைப் பாயருகே வைத்து, ஹெட்போனில் கேட்டுக் கேட்டு லெவலைக் குறைத்தேன்.

பத்தாம் நாள் அது பதிவானது. பந்து அலுமாரிக்கடியில் போகிறது. கோபத்தில் வீறிட்டு அழுகிறாள். அழுகை நீண்டு, மூச்சோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதன் பிறகுதான் நீலமும் விறைப்பும். மெசின் சத்தத்தில் அந்த அழுகை எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

டொக்டர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். இரத்தமும் இதயமும் சோதித்த பிறகு, "இது வலிப்பில்ல தங்கச்சி. அழக்குள்ள மூச்சு நிண்டு போகுது. வளர வளர மாறிரும். இந்தச் சத்தம் இல்லாட்டி வலிப்பு மருந்துதான் தொடங்கியிருப்பன்" என்றார். இரும்புச்சத்து குறைவாம், அதற்குக் குடிக்கப் பாணி மருந்து தந்தார். தோஹாவிலிருந்து லீவில் வந்த உங்கள் கூட்டாளி இன்ஷாபிடம் கெமரா கார்ட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

பஸ்மிலா

தோஹா
03.03.2024

என் அன்பு பஸ்மிலா,

வஅலைக்கும் ஸலாம். கார்ட் கிடைத்தது. மூன்று முறை பார்த்தேன். எட்டு வருடம் கலியாண வீடியோ எடுத்தவன் நான். இப்படி ஒரு பதிவை எடுத்திருக்க மாட்டேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் பிள்ளை வீணாக மருந்து குடித்திருப்பாள்.

நீ ஓடி வந்து அவளைச் சரித்துப் படுக்கவைத்து, "உம்மா இஞ்சதான் இரிக்கன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். உன் குரல் நடுங்கவேயில்லை.

என் உம்மாவிடம் போனில் பேசினேன். "அவட தையலுக்கும் புள்ளட வருத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்ல உம்மா. நீங்க சொன்னது பிழை, நான் சொன்னது அதவிடப் பிழை" என்றேன். "ஓம் மகன்" என்றார்.

பெருநாள் முடிந்து இன்ஷாபின் தங்கைக்குக் கலியாணம். பெண்கள் பக்கம் வீடியோ எடுக்க ஒரு பெண் வேண்டுமாம். உன் பெயரைச் சொன்னேன். உன்னைக் கேட்டுத்தான் முடிவு என்றும் சொன்னேன். நீ சம்மதித்தால், எதை எந்த செட்டிங்கில் வைக்கவேண்டும் என்று நான் வாயே திறக்கமாட்டேன்.

உன்
ஜெமீல்