மேடையில் கொடுத்த காலணி

சென்ற கிழமை உன் மனைவி கெலுகோரில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு நெகிழிப்பை.

“அண்ணே, அவரோட சாமான எல்லாம் ஒதுக்கிக்கிட்டு இருக்கேன். இது நீங்க குடுத்ததாம். உங்ககிட்டயே குடுத்துடலாம்னு கொண்டாந்தேன்.”

பையைப் பிரிக்கும் முன்பே மணம் வந்துவிட்டது. பதனிட்ட தோலும் கருமெழுகும் கலந்த மணம். உள்ளே ஓர் இணைப் படைக்காலணி. மேற்புறம் நீர்ப்பரப்புப் போல் மின்னியது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குதிகால் படும் இடத்தில் உள்தோல் கறுத்து இறுகியிருந்தது. அது மெழுகின் கறை அன்று.

நீ மறைந்து நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

கிழமை நாள்களில் தொழிற்சாலையிலும் ஓய்வு நாள்களில் படையின் தன்னார்வப் பிரிவிலுமாக நீ வாழ்ந்த காலம் அது. முழுநேரப் படைவீரனாக வேண்டும் என்பது ஒன்றே உன் வேட்கை. அதற்கு ஒரு தேர்வு. இருபது கிலோ சுமையை முதுகில் ஏற்றி, குறித்த நேரத்துக்குள் இருபது கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும். அகவை வரம்பின்படி அவ்வாண்டே உனக்குக் கடைசி வாய்ப்பு. பழைய காலணியின் அடி பிளந்துபோகவே, நடைக்கு மூன்று கிழமை இருக்கையில் புதியது வாங்கச் சூலியா தெருவுக்குப் புறப்பட்டாய். நானும் உடன் வந்தேன்.

பொழுது சாய்ந்த பிறகே கடைக்குள் நுழைந்தாய். ஏன் இந்நேரம் என்று கேட்டேன். “காலையில கால் பொய் சொல்லும் மச்சான். நாள் பூரா நின்னு வீங்குன கால்தான் நெச அளவு காட்டும்” என்றாய். மெல்லிய காலுறைமேல் தடித்த காலுறை ஒன்றையும் இட்டுக்கொண்டாய். கட்டாத காலணியில் விரல்களை முன்னே தள்ளி நின்று, குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாய். அடியை வளைத்துப் பார்த்து, நடுவில் மடங்கியவற்றை ஒதுக்கினாய். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அடியும் மடங்க வேண்டுமாம். பிறகு கொண்டுவந்திருந்த முதுகுப்பையைத் தூக்கி மாட்டினாய். உள்ளே இரண்டு பத்துக் கிலோ அரிசிப் பைகள். கடையின் மரப்படியில் ஏறி ஏறி இறங்கினாய். இறங்குகையில் விரல்நுனி முன்புறம் இடித்தால் அந்த இணை வேண்டாம். ஏறுகையில் குதிகால் தூக்கினால் அதுவும் வேண்டாம்.

கடைக்காரர் நானா நாற்காலியில் அமர்ந்து நகைத்தார். “தம்பி, நீ சப்பாத்து வாங்க வந்தியா, கடைய வாங்க வந்தியா?”

“உங்க படி தாங்குதான்னு பாக்குறேன் லா, நானா.”

நான் என் பங்குக்குச் சொன்னேன்: “பொண்ணு பாக்கப் போறவன் கூட இவ்வளவு சோதிக்க மாட்டான்டா.”

“பொண்ணுக்குப் புடிக்கலனா வாயால திட்டும். சப்பாத்து திட்டாது, கடிக்கும்.”

ஐந்தாவது இணையில் உன் முகம் தெளிந்தது. கணுக்காலைச் சுற்றித் துணி, கீழ்ப்பகுதியில் மட்டும் தோல், மங்கிய நிறம், வழக்கமான அளவைவிட அரை எண் பெரியது. இரண்டு நாள் வீட்டுக்குள், பிறகு வேலைக்கு, பிறகு சுமையோடு பாலிக் புலாவ் மேட்டில் என்று அதைப் பழக்கும் முறையையும் வகுத்துவிட்டாய்.

நான்தான் குறுக்கே நின்றேன். “நீ வாங்காதே. நம் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் மேடையேற்றி நாங்களே அளிக்கிறோம். ஒரு தமிழன் படைக்குப் போகிறான் என்று ஊர் அறிய வேண்டாவா?”

நீ தயங்கினாய். “விழா எப்போ?”

“நடைக்கு ஆறு நாள் முன்பு.”

“பழக்க நாள் பத்தாது மச்சான்.”

“மனவலிமை உள்ளவனுக்கு ஆறு நாள் போதும்.” மேடை இல்லாத இடத்திலும் நான் மேடையில்தான் நின்றேன்.

விழாவுக்கு முந்தைய நாள் கடைக்குத் தனியே போனேன். நானா நீ தேர்ந்த இணையை எடுத்து வைத்தார். மேடை விளக்கொளியில் அதை எண்ணிப் பார்த்தேன். மங்கல். சாக்குப் போல் இருந்தது. பேழையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினால் கடைசி வரிசைக்கு என்ன தெரியும்? மேல் அடுக்கில் முழுத்தோல் இணை ஒன்று பளபளத்தது. அதைக் கேட்டேன்.

“அண்ணே, தம்பி எடுத்து வச்சது அது இல்ல லா. இது வெறச்ச தோலு. சைசும் அரை நம்பர் சின்னது.”

“பரவாயில்லை, நானா. சபைக்கு இதுதான் எடுப்பாக இருக்கும்.”

மறுநாள் விழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்தினோம், மாலை சூட்டினோம், காலணியை நான் தலைக்குமேல் உயர்த்தினேன். அவை கைதட்டியது. அதோடு விட்டேனா? இக்காலணி பூண்டே நடப்பேன், இதோடே வெல்வேன் என்று உன்னை ஒலிவாங்கியின் முன் உறுதி கூற வைத்தேன். கூறினாய். கூறிவிட்டு என் காதருகே குனிந்தாய்: “மச்சான், இது அது இல்லையே.”

“போட்டுப் பாரு. பழகிடும்.”

ஆறு நாளில் தோல் இளகவில்லை. கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர்ப் பக்கம், இரப்பர்த் தோட்டங்களின் ஊடே நடந்த அந்த நடையில், பாதி வழியிலேயே உன் இரு குதிகாலிலும் தோல் உரிந்தது என்று உடன் நடந்தவன் பின்னர்ச் சொன்னான். நீ அமரவில்லை. கழற்றவும் இல்லை, கழற்றினால் மறுபடி மாட்ட முடியாது என்பது உனக்குத் தெரியும். குறித்த நேரம் கடந்து ஒன்பது நிமிடங்கள் கழித்து எல்லைக்கோட்டை மிதித்தாய். காலுறையைக் கத்தரியால் வெட்டித்தான் பிரித்தார்களாம்.

ஒன்பது நிமிடங்கள். அதன்பின் ஓய்வு பெறும் வரை தொழிற்சாலைதான்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். “கால் தாங்கல லா” என்றாய். அவ்வளவே. நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. அடுத்த ஆண்டு விழாவில், “வாய்ப்பு வாயில்வரை வந்தும் கால் தளர்ந்தோர் நம்மிடையே உண்டு” என்று முழங்கினேன். மூன்றாம் வரிசையில் இருந்த உன்னை அவை முழுதும் திரும்பிப் பார்த்தது. நீயும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாய்.

அன்று தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னாய்: “நல்லா பேசுற மச்சான். ஒரு நாளைக்கு உன் பேச்ச முதுகுல ஏத்திக்கிட்டுப் பத்து மைல் நடந்து பாரு.” கடையில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையை நானாதான் உடைத்தார், பல ஆண்டுகள் கழித்து. விழாவுக்கு மறுநாள் நீ கடைக்குப் போயிருக்கிறாய். நீ தேர்ந்த இணை அங்கேயே இருந்திருக்கிறது. “எடுத்துக்கிட்டுப் போ தம்பின்னு கையில குடுத்தேன் அண்ணே. கொஞ்ச நேரம் வச்சிப் பாத்தாரு. வேணாம் நானா, சபையில சொல்லிட்டேன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.”

அன்றே நான் உன் வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. கால் தளர்ந்தோர் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தினேன். அதையே பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். உன்மேலும் எனக்குச் சினம் உண்டு. ஏனடா சொல்லவில்லை? ஒரு வசைச்சொல்லாவது வீசியிருக்கலாமே? சென்ற கிழமை காலணியோடு வந்த உன் மனைவி சொன்னதைக் கேட்ட பிறகு அச்சினமும் நிற்க இடமின்றிப் போயிற்று. “தீபாவளிக்குத் தீபாவளி அதுக்கு பாலிஷ் போடுவாரு, அண்ணே. போடாத சப்பாத்துக்கு எதுக்குன்னு கேப்பேன். குடுத்தவன் ஒருநாள் வந்து பாத்தா சங்கடப்படுவான்னு சொல்லுவாரு.”

வந்து பார்க்கவில்லையே நான்.

நேற்று மன்றத்தில் உனக்கு நினைவேந்தல். வழக்கம்போல் இறுதிப் பேச்சு என்னுடையது. இம்முறை எதையும் மறைப்பதில்லை என்ற முடிவோடு ஏறினேன். அளவு சிறிய காலணி, கடைக்காரர் எச்சரிக்கை, வாங்கிய உறுதிமொழி, ஒன்பது நிமிடங்கள், அதன்மேல் நான் ஏற்றிய பழி, எல்லாவற்றையும் சொன்னேன். “அவன் கால் தளரவில்லை, அவன் வாழ்வை என் பகட்டு தின்றது” என்று முடித்தேன்.

 பிறகு கைதட்டினார்கள், நண்பா. எழுந்து நின்று தட்டினார்கள். செயலாளர் ஒலிவாங்கியைப் பற்றி, “நண்பனுக்காகப் பழியைத் தன்மேல் சுமத்திக்கொள்ளும் இந்தப் பணிவு யாருக்கு வரும்?” என்று நெகிழ்ந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் சொன்னது உண்மை என்று ஒருவரும் எண்ணவில்லை. அத்தனை ஆண்டுகள் அத்தனை அழகாகப் பேசியவன் வாயில் உண்மையும் அணியாகவே ஒலித்தது.

நம்பியவர் ஒருவர்தான். உன் மனைவி கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் வாயிலில் என்னை நிறுத்தினார். குரல் உயரவில்லை.

“இதையும் மேடையிலதான் சொல்லணுமா, அண்ணே? இத்தன வருசமும் அவரு ஊட்லதானே இருந்தாரு.”

 பொன்னாடை தோளில் கிடக்க, அவர் பேருந்து நிறுத்தம் நோக்கி நடந்து மறையும் வரை நின்றேன். வேறு எதையும் விட்டுவிடலாம், நண்பா. அக்கேள்வியை எங்கும் இறக்கிவைக்க முடியவில்லை.