பங்காரம்மா டீச்சரின் மூன்றாம் வகுப்பு

கருமத்தம்பட்டி,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புக் கண்ணு நித்யஸ்ரீக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், மருதமலையான் தயவில் நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்தில் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். அங்கே வெயில் காலம் என்று சொன்னாய், இங்கே காலையில் இன்னும் பனி விழுகிறது, அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறார், முட்டிக்கு நீ அனுப்பிய பெல்ட்டை மட்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார், போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. உடுமலைப்பேட்டைச் சித்தி மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, பையன் தேங்காய் வியாபாரம், வைகாசியில் கல்யாணம், நித்யா வருவாளா என்று எல்லோரும் கேட்டார்கள், நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். போனில் பேசாமல் இவள் ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் பாதியிலேயே "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யிம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். எது சரி என்பதுதான் கண்ணு எனக்குத் தெரியவில்லை. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன், நீயும் அங்கே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவள், படித்துவிட்டு உனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்.

உனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்தாரே பங்காரம்மா டீச்சர், அவர் விஷயம்தான். பதவி உயர்வில் நான் இந்தத் தொடக்கப் பள்ளிக்கே தலைமையாசிரியையாகத் திரும்பி வந்தது உனக்குத் தெரியும், அந்த இடம் முதலில் பங்காரம்மா அக்காவுக்குத்தான் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால்தான் அடுத்து இருந்த எனக்குக் கிடைத்தது. ஏனுங்க்கா வேண்டாம்னீங்க என்று அப்போது கேட்டேன். "எச்.எம். ஆனா நாளெல்லாம் போனு, மீட்டிங்கு. எனக்குப் புள்ளைக போதும் கோகிலா" என்றார். என்ன பெரிய மனசு என்று நான் வீட்டில் வந்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். இப்போது பள்ளியில் நாங்கள் மூன்று பேர். ஒன்றாம் வகுப்பு சைதன்யா என்ற சின்னப் பெண்ணிடம், போன வருஷம்தான் வேலைக்கு வந்தாள், சுறுசுறுப்பு. இரண்டும் மூன்றும் அக்காவிடம், நான்கும் ஐந்தும் என்னிடம், அதோடு ஆபீஸ் வேலையும் என் தலையில். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு வாசிப்பு சரியாக இல்லை, கொரோனாவில் வந்த குறை இன்னும் தீரவில்லை என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று மோகனப்பிரியா என்ற தாய் ஆபீஸ் ரூமுக்குள் வந்து நின்றாள், விசைத்தறிக் குடோனில் வேலை செய்கிறவள், பஞ்சு ஒட்டிய தலையோடு அப்படியே வந்திருந்தாள். அவள் பெண் ஹர்ஷிணி மூன்றாம் வகுப்பு. "ஏனுங்க டீச்சர், எம்பட புள்ள மூணாவது படிக்குது, பஸ்ஸுல ஊரு பேரு படிக்கத் தெரியல. அவிநாசியா சோமனூரான்னு எங்கிட்டக் கேக்குது. இது உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?" என்றாள். பார்க்கிறேன் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன், மனசுக்குள் அவள் வீட்டில் டிவி அதிகம் ஓடுகிறது போல என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஓரமாகப் போனேன். வாசிப்பு நடக்கிறது, ஹர்ஷிணி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். பாடம் அணில் மரத்தில் கூடு கட்டுவதைப் பற்றி. அவள் ராகம் போட்டு, "நேத்து எங்க ஊட்டுல கோழிக் கொழம்பு, எங்கம்மா எனக்கு ரெக்கை வெச்சாங்க, தம்பிக்குக் காலு வெச்சாங்க" என்று படிக்கிறாள், விரல் மட்டும் வரிமேல் ஒழுங்காக ஓடுகிறது. மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டு தலையாட்டி, "சபாஷ் கண்ணு, நல்லாப் படிச்சே, அடுத்த ஆளு வா" என்கிறார். அடுத்து வந்தவன் சந்தைக்குப் போன கதையைப் படித்தான், அதற்கும் சபாஷ். எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது கண்ணு, அப்புறம்தான் உறைத்தது. அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

எப்படி யாருக்கும் தெரியாமல் போனது என்று கேட்பாய். நம் ஊரில் யாருக்கு மெல்லப் பேச வரும் சொல். தெருவுக்குத் தெரு தறி ஓடுகிறது, பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கத்தித்தான் பேசுகின்றன. அக்காவோ எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார், மீதிக்குத் தானே பேசி நிரப்பிவிடுவார். போன் அடித்தால் எடுக்க மாட்டார், எழுதிப் போடு என்பார். பதவி வேண்டாம் என்றதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அப்பாவிடம் சொன்னேன். "அந்தம்மாகிட்ட நேராச் சொல்லிப்போடு, இழுத்துட்டுப் போவாதே" என்றார். சொல்லலாம் என்றுதான் தினமும் காலையில் கிளம்பினேன். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து கோங்குரா என்று அவர் சொல்லும் புளிச்சக்கீரைத் துவையலை என் தட்டில் வைப்பார், வாய் வரை வந்தது உள்ளே போய்விடும். தை மாதத்தில் அவருக்கு ஓய்வு, இருக்கிற கொஞ்ச நாளை மரியாதையோடு கழிக்கட்டும் என்று ஒரு மனசு, அந்தக் கொஞ்ச நாளும் பிள்ளைகளுடையது அல்லவா என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன்.

அப்படியே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வந்துவிட்டது. மோகனப்பிரியா மற்ற தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுந்து நின்று ஒவ்வொரு பிள்ளையாகச் சொன்னாள், இவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை, இவனுக்குத் தன் பேரே எழுதத் தெரியவில்லை என்று. அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். "பாருங்க, நம்ம பேசப் பேசச் சிரிக்கறாங்க" என்று ஒருத்தி கோபமாகச் சொன்னாள். நான் எழுந்து, பார்க்கலாம், ஏற்பாடு செய்யலாம் என்று என்னென்னவோ உளறினேன். அக்கா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கோகிலா, என்னையத்தான் என்னமோ சொல்றாங்க. என்னன்னு சத்தமாச் சொல்லு. எனக்குக் காது கேக்கறதில்ல" என்றார்.

நான் குனிந்து கூட்ட நோட்டைப் புரட்டினேன். மோகனப்பிரியாதான் எழுந்து வந்தாள், அக்கா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தறி ஓடும்போது பக்கத்து ஆளிடம் பேசுவார்களே அப்படிக் காதருகே வாயை வைத்து, "டீச்சர், எம்பட புள்ளைக்குப் படிக்கத் தெரியலீங்க" என்று கத்தினாள். மன்னிப்புக் கேட்பாள், மாற்றிப் பேசுவாள் என்று நான் நினைத்தேன், இல்லை. "நீங்க நல்லவங்கதானுங்க, புள்ளைக்கு உங்க மேல உசுரு. ஆனாப் படிக்கத் தெரியலீங்க" என்று இன்னொரு முறையும் சொன்னாள். அக்கா, "எத்தன பேருக்கும்மா?" என்று கேட்டார். அவள் அங்கே இருந்த தாய்மார்கள் எல்லோரையும் சுற்றிக் கையைக் காட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு வராந்தாவில் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். அழுவார் என்று பயந்தேன், அவருக்கு வந்தது கோபம். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார். தீபாவளி முடிஞ்சதுமே தெரியும்ங்க்கா என்றேன். "தெரிஞ்சுபோட்டுத்தான் என்னைய அந்தச் சேர்ல சிரிக்க விட்டியா? நீ எச்.எம்.மா இருந்திருந்தா அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பே. சிநேகிதியா இருந்திருந்தாலும் சொல்லியிருப்பே. நீ ரெண்டுமா இல்லையே கோகிலா" என்றார். அவர் மறைத்ததை நான் கேட்க வாயெடுத்தேன், ஆனால் கேட்கவில்லை.

அடுத்த குழப்பம் தை பிறந்ததும் வந்தது. நடு வருஷத்தில் ஓய்வு பெறுகிற ஆசிரியரைக் கல்வியாண்டு முடியும் வரை தொடர்ந்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது அல்லவா, அதற்கு டாக்டர் சான்று வேண்டும், இவர் வேலை திருப்தி என்று நானும் எழுதித் தர வேண்டும். எழுதினால் அது பொய், எழுதாவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த வருஷம் வரை ஆள் வராது, காது கேட்காத டீச்சர் இருந்த இடத்தில் டீச்சரே இல்லாமல் போகும். கல்வி அலுவலகத்தில் கேட்டால் "நீங்கதானுங்க எச்.எம்., உங்க முடிவுதான்" என்றார்கள். சைதன்யாவிடம் வேலையை மாற்றிப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். "எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்கறதுக்காக ரெண்டு மடங்கு வேலைங்களா டீச்சர்?" என்று கேட்டாள், அது நியாயமான கேள்விதானே. கடைசியில் மோகனப்பிரியாவையே கூப்பிட்டுக் கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், என் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவளோ, "டீச்சர் இருக்கட்டுமுங்க. படிக்க வெக்கறதுக்கு மட்டும் வேற ஆளப் போடுங்க" என்றாள். ஆக எழுதிக் கொடுத்தேன், முழுத் திருப்தி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, காது குறைபாட்டையும் குறிப்பிட்டு, வேலையை மாற்றிக் கொடுத்தால் செய்வார் என்று எழுதினேன். அக்காவிடம் அதைப் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். இப்போது இரண்டு, மூன்றுக்கு வாசிப்பு நான் எடுக்கிறேன், நான்கு, ஐந்துக்குக் கணக்கு அக்கா எடுக்கிறார், கணக்கைக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம் அல்லவா. அதற்கு ஐந்தாம் வகுப்புத் தாய்மார்கள், எங்க புள்ளைகள மட்டும் ஏன் அந்த டீச்சர்கிட்டத் தள்ளறீங்க என்று வந்து நிற்கிறார்கள். அன்றைக்குக் கேட்டதிலிருந்து சைதன்யா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு பக்கம் இழுத்து மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது கண்ணு.

அக்காவின் மகன் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் காதுக்கு மெஷின் வைத்துவிட்டான். வைத்துக்கொண்டு வந்த முதல் நாள் பெஞ்சு இழுக்கிற சத்தமும் தட்டு விழுகிற சத்தமும் தாங்காமல் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டார். போன வியாழக்கிழமை யாரும் கூப்பிடாமலே என் வாசிப்பு வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தார், மெஷின் காதில் இருந்தது. ஹர்ஷிணி எழுந்து படித்தாள். இப்போது நிஜமாகவே படிக்கிறாள், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, ஒரு வரியில் நான்கு இடத்தில் முட்டிக்கொண்டு, ணகரத்தை விட்டுவிட்டு. வியர்த்துப்போய் அவள் உட்காரும் வரை அக்கா அசையவில்லை. பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், "கோகிலா, இத்தன நாளா எங்காதுல எல்லாப் புள்ளைகளும் அத்தன அழகாப் படிச்சாங்க" என்றார். சொல்லும்போது சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு வகுப்புக்குள் போய் ஹர்ஷிணி பக்கத்தில் உட்கார்ந்து, "மறுபடி படி சாமி, எனக்குக் கேக்கற மாதிரி" என்றார்.

நான் செய்தது சரியா தப்பா சொல் கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையையும் வேலை வேலை என்று அலைய விடாதே, இரண்டு பேரும் குறைவில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பங்காரம்மா டீச்சருக்கு போன் போடாதே, கேட்காமல் சிரமப்படுவார். நாலு வரி தமிழில் எழுதி அனுப்பு, தப்பில்லாமல் எழுது, திருத்தி அனுப்பிவிடுவார்.

எந்நேரமும் உன் நினைப்பில் இருக்கும்
அம்மா,
கோகிலவாணி