அறுந்த வார்

மகளுக்கு,

நேற்று மாலை நீ மருத்துவமனையில் வேலையில் இருந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அம்மா, சித்தி, உன்னைப் பெண் கேட்டு வந்த பொறியாளர், அவருடைய தாயார்.

"நர்ஸ் வேலை சரி. லீவு கிடைச்சா ஊர் சுத்தக் கிளம்பிடுவாளாமே, கல்யாணத்துக்கு அப்புறமுமா?" என்றார் தாயார்.

"போவா, வருவா, வேலையும் பாப்பா. அதுதான் என் பொண்ணு," என்றேன்.

நாளை நீ தனியாகக் கிளம்புவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அறுந்த வாரோடு என் மகள் ரயில் ஏறக் கூடாது. உன் பயணப் பையைத் தைக்க எடுத்துப் போகிறேன். உள்ளே இருந்த துணிகளை மடித்து உன் கட்டிலில் வைத்திருக்கிறேன். சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது; சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

பின்குறிப்பு: அவர்கள் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சித்தி சொல்லித் திரிகிறாள். பொய். வேண்டாம் என்று சொன்னவன் நான்.

அப்பா